நேம் சர்வர் தொகுப்புகளை ஏபிஐ வழி நிர்வகிப்பது எப்படி? புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

2013 அக்டோபர் 11 அன்று கூகுளின் மலேசிய முகவரியைத் தட்டியவர்களுக்குத் தேடல் பக்கம் வரவில்லை. ஊடுருவல் குழு ஒன்றின் பக்கம் வந்தது. கூகுளின் கணினிகளுக்குள் யாரும் நுழையவில்லை. டாட் மை முகவரிகளை நிர்வகிக்கும் மைநிக் நிறுவனமே, முகவரி அனுமதியின்றி வேறிடத்துக்குத் திருப்பிவிடப்பட்டதை உறுதிசெய்தது. 2015 ஜனவரி 26இல் மலேசிய ஏர்லைன்ஸ் அகப்பக்கத்துக்கும் இதே கதி நேர்ந்தது. தங்கள் சர்வர்கள் பத்திரமாக இருப்பதாகவும், டொமைன் பெயரை வழிநடத்தும் டிஎன்எஸ் அமைப்பே பாதிக்கப்பட்டதாகவும் நிறுவனம் அறிவித்தது.

பெயர் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் இடம் யார் கையில் இருக்கிறதோ, அகப்பக்கமும் அவர் கையில்தான் இருக்கிறது. கம்போங் மேடானிலும் பழைய கிள்ளான் சாலை நெடுகிலும் ஆலயம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கேட்டரிங் கடை, டியூஷன் நிலையம் என்று பல அகப்பக்கங்களை ஓரிரு இளைஞர்களே ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்வது வழக்கம். அந்த இளைஞர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. பதினைந்து இருபது பெயர்கள் சேர்ந்துவிட்டால், ஒவ்வொன்றாகத் திரையைத் திறந்து மாற்றுவது பிழைக்கு வழி. நிரல் வழியே கட்டளை அனுப்பும் வசதியான ஏபிஐயைக் கற்றுக்கொள்ளவேண்டிய கட்டம் அது.

தொகுப்பு என்றால் என்ன?

ஒரு டொமைன் பெயருக்குக் குறைந்தது இரண்டு நேம் சர்வர்கள் வேண்டும். அகப்பக்கம் எந்தக் கணினியில் இருக்கிறது, மின்னஞ்சல் எங்கே போகவேண்டும் என்ற கேள்விகளுக்கு அவைதான் பதில் தருகின்றன. இந்த இரண்டு அல்லது நான்கு சர்வர்களை ஒரு பெயரிட்டுச் சேமித்து வைத்தால் அது நேம் சர்வர் தொகுப்பு. பிறகு ஒரு டொமைனைப் பதியும்போது சர்வர் பெயர்களைத் தனித்தனியே தட்டாமல் தொகுப்பின் எண்ணைக் கொடுத்தால் போதும்.

டொமைன்களை நமக்குப் பதிந்துதரும் எல்லாப் பதிவு நிறுவனங்களிலும் இந்த வசதி கிடையாது. பெர்லினில் உள்ள ஐஎன்டபிள்யூஎக்ஸ், ரோட்டர்டாமில் உள்ள ஓப்பன்புரோவைடர் ஆகியவற்றின் ஏபிஐகளில் உண்டு. நேம்சீப்பில் ஒவ்வொரு டொமைனுக்கும் சர்வர் பெயர்களை நேரடியாகக் கொடுக்கவேண்டும். அங்கே தொகுப்பை நீங்களே ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

முதலிலேயே தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சில அமைப்புகளில் டொமைன் தொகுப்போடு இணைந்தே இருக்கும். செக் நாட்டின் டாட் சிஇசட் முகவரிகள் அனைத்தையும் நிர்வகிக்கும் பதிவகம் இப்படித்தான் இயங்குகிறது. தொகுப்பில் ஒரு சர்வரை மாற்றினால் அதோடு இணைந்த எல்லா டொமைன்களும் சேர்ந்தே மாறும். வேறு சில அமைப்புகளில் தொகுப்பு வெறும் படிவம். பதியும்போது அதிலிருந்து நகல் எடுக்கப்படும், பிறகு தொகுப்பை மாற்றினாலும் பழைய டொமைன்கள் அப்படியே இருக்கும். உங்கள் நிறுவனம் எந்த வகை என்பதை ஆவணத்தில் படித்து, முக்கியமில்லாத ஒரு டொமைனில் செய்து பார்த்து உறுதிசெய்த பிறகே மற்றதைத் தொடுங்கள்.

படி 1: கணக்கும் சாவியும்

பதிவு நிறுவனக் கணக்கு ஆலயத்தின் அல்லது கடையின் மின்னஞ்சலில் இருக்கட்டும், உங்கள் சொந்த மின்னஞ்சலில் வேண்டாம். இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். சில நிறுவனங்களில், அதை இயக்கியபின் ஏபிஐ வழி நுழையும்போதும் கைப்பேசியில் வரும் ஆறிலக்க எண்ணைத் தரவேண்டியிருக்கும். சிரமம்தான், ஆனாலும் நிறுத்தாதீர்கள்.

ஏபிஐ சாவியை நிரலுக்குள் எழுதக்கூடாது. தனிக் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பு கிட்ஹப்புக்குப் போகாதபடி விலக்கிவிடுங்கள். சாவியைப் புலனக் குழுவில் அனுப்புவதும் கூடாது. அது வெளியே போனால் பிறருக்குக் கிடைப்பது ஓர் அகப்பக்கம் மட்டுமல்ல, உங்கள் பொறுப்பில் உள்ள எல்லாப் பெயர்களும் அவற்றின் மின்னஞ்சல்களும் சேர்ந்து போகும்.

நேம்சீப் போன்ற நிறுவனங்கள், முன்கூட்டியே பதிந்த ஐபி முகவரியிலிருந்து வரும் கோரிக்கைகளை மட்டுமே ஏற்கும். நம் வீடுகளில் உள்ள பிராட்பேண்ட் இணைப்பில் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருப்பதால் நேற்று ஓடிய நிரல் இன்று ஓடாது. மாறாத ஐபி உள்ள ஒரு சிறிய வாடகைச் சர்வரிலிருந்து நிரலை ஓட்டுவதே நிரந்தரத் தீர்வு.

படி 2: சோதனைக் களத்தில் தொடங்குங்கள்

நல்ல பதிவு நிறுவனங்கள் சோதனைக்கென்று தனி முகவரி தருகின்றன. ஐஎன்டபிள்யூஎக்ஸில் அதற்கு ஓடிஇ என்று பெயர், நேம்சீப்பில் சாண்ட்பாக்ஸ். இரண்டிலும் தனிக் கணக்கு வேண்டும், காசு போகாது. முதல் வாரம் முழுவதும் அங்கேயே பழகுங்கள்.

கோரிக்கையின் வடிவம் எளிது: எந்தச் செயல் என்பது ஒன்று, அதற்கான விவரங்கள் இன்னொன்று. ஐஎன்டபிள்யூஎக்ஸ் இதை ஜேசன் வடிவில் ஏற்கிறது. பதிலில் ஓர் எண் வரும். டொமைன் துறையின் பெரும்பகுதி ஈபிபி என்ற நெறிமுறையைப் பின்பற்றுவதால், பல ஏபிஐகளிலும் அதே எண்களைப் பார்ப்பீர்கள். 1000 வந்தால் வேலை முடிந்தது. 1001 என்றால் கோரிக்கை ஏற்கப்பட்டது, ஆனால் இன்னும் முடியவில்லை. 2200 நுழைவுப் பிழை, 2303 அப்படி ஒரு பொருளே இல்லை.

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். இணைய இணைப்பின் அளவில் 200 என்று பதில் வந்ததும் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். கோரிக்கை போய்ச் சேர்ந்தது என்பதற்குத்தான் அந்த 200. உள்ளே உள்ள 1000தான் உண்மையான பதில். நிரல் அதைப் படிக்கவேண்டும், 1000 இல்லையென்றால் அங்கேயே நிற்கவேண்டும்.

படி 3: எதையும் மாற்றும் முன் படம் பிடியுங்கள்

முதலில் படிக்கும் செயல்களை மட்டும் எழுதுங்கள். எல்லா டொமைன்களின் பட்டியலையும், ஒவ்வொன்றின் தற்போதைய நேம் சர்வர்களையும், இருக்கும் தொகுப்புகளையும் எடுத்துத் தேதியிட்ட ஒரு கோப்பில் சேமியுங்கள். பின்னால் தவறு நடந்தால் திரும்பிப் போக அந்தக் கோப்பு மட்டுமே வழி. தினமும் ஒருமுறை இது தானாக ஓடி, நேற்றைய பட்டியலிலிருந்து ஏதாவது மாறியிருந்தால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும்படி செய்துவிடுங்கள். 2013இலும் 2015இலும் நடந்தது போன்ற திருப்பல் உங்கள் கணக்கு வழி நடந்தால் முதலில் தெரியவேண்டியவர் நீங்கள்தான். பதிவு நிறுவனத்துக்கு மேலே, பதிவகத்திலேயே மாற்றம் நடந்தால் கணக்கில் தெரியாது. ஆகவே பதிவகத்தின் மேல்நிலைச் சர்வர்களிடமும் நேரடியாகக் கேட்டு ஒப்பிடுங்கள்.

படி 4: தொகுப்பை உருவாக்குதல்

உருவாக்கும் செயலுக்கு இரண்டே விவரங்கள் முக்கியம்: தொகுப்பின் பெயர், சர்வர்களின் பட்டியல். பெயரில் பொருள் இருக்கட்டும். "புதியது", "இறுதி" என்றெல்லாம் வைத்தால் ஆறு மாதத்தில் எது எது என்று தெரியாது. எந்த நிறுவனத்தின் சர்வர், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். பதிலில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சர்வர்களைச் சேர்ப்பது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் டைன் நிறுவனம் பெரும் தாக்குதலுக்கு உள்ளானபோது, அதன் சர்வர்களை நம்பியிருந்த ட்விட்டர் உட்படப் பல தளங்கள் பலருக்குக் கிடைக்காமல் போயின. 2021 அக்டோபர் 4 அன்று முகநூலின் நேம் சர்வர்கள் அனைத்தும் அதன் சொந்த வலையமைப்புக்குள்ளேயே இருந்ததால், அந்த வலையமைப்பு துண்டிக்கப்பட்டதும் பெயரே இணையத்திலிருந்து மறைந்தது. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சர்வர்களை ஒரே தொகுப்பில் கலப்பது இதற்கு ஒரு காப்பு. ஆனால் இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே பதிவுகள் இருக்கவேண்டும், இல்லையென்றால் பாதிப் பேருக்குப் பழைய பக்கம் தெரியும். கேட்டரிங் கடைக்கு ஒரு நல்ல நிறுவனமே போதும் என்பது என் கருத்து. தைப்பூசக் காலத்தில் கூட்டம் குவியும் ஆலய அகப்பக்கத்துக்கு இரண்டு வைக்கலாம்.

சர்வரின் பெயர் அதே டொமைனுக்குள் இருந்தால், அதன் ஐபி முகவரியைப் பதிவகத்தில் முன்பே பதியவேண்டும். தமிழ் எழுத்தில் உள்ள டொமைன் என்றால், உதாரணத்துக்கு டாட் சிங்கப்பூர், ஏபிஐக்குப் பெரும்பாலும் அதன் ஆங்கில எழுத்துக் குறியாக்க வடிவத்தைத்தான் தரவேண்டும்.

படி 5: டொமைனை மாற்றுதல்

வரிசை முக்கியம். முதலில் புதிய சர்வர்களில் எல்லாப் பதிவுகளையும் ஏற்றுங்கள். அகப்பக்கத்தின் பதிவை யாரும் மறப்பதில்லை. மின்னஞ்சலுக்கான பதிவுகளையும், அஞ்சல் குப்பைக்குப் போகாமல் காக்கும் உரைப் பதிவுகளையும்தான் மறக்கிறார்கள். ஏற்றியதும் புதிய சர்வரிடம், டிஎன்எஸ் கேள்வி கேட்க உதவும் டிக் (dig) கட்டளையால் நேரடியாகக் கேட்டு, பழைய சர்வரின் பதிலோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து, டிஎன்எஸ் பதில்களுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக். பழைய இடத்தில் அது இயங்கினால், பதிவகத்தில் உள்ள, அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிஎஸ் பதிவை முதலில் நீக்கிவிட்டுக் காத்திருங்கள். டாட் காம் பெயர்களுக்கு அதன் ஆயுள் 86400 வினாடி, அதாவது ஒரு முழு நாள். காத்திருக்காமல் மாற்றினால், கையொப்பத்தைச் சரிபார்க்கும் எல்லா இடங்களிலும் உங்கள் பெயர் செத்துப்போகும்.

இதற்குப் பிறகே டொமைனைத் திருத்தும் செயலை அழைத்துப் புதிய தொகுப்பைக் கொடுங்கள். முக்கியத்துவம் குறைந்த ஒரு டொமைனை மாற்றி, ஒரு நாள் விட்டு, மற்றதைச் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் மாற்றும் நிரலை எழுதுவது எளிது; அதை ஓட்டுவதற்கு முன் என்ன செய்யப்போகிறது என்று எழுதிக் காட்டும் ஓர் ஒத்திகை வழியையும் சேர்த்து எழுதுங்கள். டாட் மை பெயர்களில் 1001 வந்தால் பதறவேண்டாம். மறுபடி மறுபடி அனுப்பாமல் நிலையை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பழைய சர்வர்களை ஒரு வாரம் ஓடவிடுங்கள். டாட் காம் பதிவகம் தரும் நேம் சர்வர் விவரம் 172800 வினாடி, அதாவது இரண்டு நாள், பிறர் நினைவகத்தில் இருக்கலாம். அதை நீங்கள் குறைக்க முடியாது.

படி 6: மலேசியாவில் இருந்துகொண்டு சரிபார்த்தல்

8.8.8.8 என்ற கூகுள் முகவரியிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைவது பலரின் பழக்கம். 2024 செப்டம்பரில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் உத்தரவுப்படி, இப்படிப் பொதுச் சர்வர்களுக்குப் போகும் கேள்விகளை இணைய நிறுவனங்கள் தங்கள் சொந்தச் சர்வர்களுக்குத் திருப்பத் தொடங்கின. மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு செப்டம்பர் 8 அன்று அப்போதைய தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அத்திட்டத்தைத் தொடரவேண்டாம் என்றார். கூகுளிடம் கேட்கிறோம் என்று நீங்கள் நினைக்கும்போது பதில் வேறு இடத்திலிருந்து வரலாம் என்பதை அந்தச் சில நாட்கள் காட்டிவிட்டன. ஆகவே மூன்று இடங்களில் பாருங்கள்: வீட்டு இணைப்பில், கைப்பேசித் தரவில், வெளிநாட்டில் உள்ள உங்கள் வாடகைச் சர்வரில். டிக் கட்டளையின் ட்ரேஸ் வசதி வேரிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு படியையும் காட்டும். பதிவகம் புதிய சர்வர்களைச் சொல்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

படி 7: அழித்தலும் ஒப்படைத்தலும்

பயன்பாட்டில் உள்ள தொகுப்பை அழிக்க முயன்றால் ஒழுங்கான அமைப்பு 2305 என்று மறுக்கும். மறுப்பு வரும் என்று நம்பியிருக்காமல், எந்த டொமைனும் அதைப் பிடித்திருக்கவில்லை என்று பட்டியலில் பார்த்துவிட்டு அழியுங்கள்.

வேலை மாறியோ ஊர் மாறியோ நீங்கள் விலகும் நாளில், உங்கள் ஏபிஐ சாவியை ரத்துசெய்து, வருபவர் தம் பெயரில் புதியது எடுக்கட்டும். தொகுப்புகளின் பெயர், எண், எந்த டொமைன் எதில் இருக்கிறது, எப்போது புதுப்பிக்கவேண்டும் என்பதை ஒரு தாளில் அச்சிட்டு ஆலயச் செயலாளரிடமோ கடை உரிமையாளரிடமோ கொடுங்கள். கணக்கின் கடவுச்சொல்லை அந்தத் தாளில் எழுதாமல், அவர்களையே மாற்றச் சொல்லி, மாற்றி முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.