குதிரை லாரிக்குக் கேமரா பொருத்தும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அனுமந்தைப் பக்கத்து இறால் பொரிப்பகங்களுக்குக் கேமரா மாட்டிக்கொண்டிருந்த நீ, இப்போது குதிரை லாரிக்கு மாட்டும் வேலையை எடுத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஆரோவிலுக்கும் புதுச்சேரிக்கும் போகும் குதிரைகள் உன் ஊர்ச் சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் போகின்றன. குதிரை வைத்தியத்திலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

உரிமையாளர் சென்னையில் உட்கார்ந்து செல்போனில் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் பலரும் கேமரா கேட்பதற்குக் காரணம். அது போதாது. வண்டியை உரிய நேரத்தில் நிறுத்துவதற்காகத்தான் அந்தக் கேமரா. எதைக் கண்டால் நிறுத்துவது, எங்கே நிறுத்துவது, யார் சொன்னால் ஓட்டுநர் நிறுத்துவார் என்ற மூன்றையும் புறப்படும் முன்பே பேசி முடித்துவிடு. பேசாமல் கிளம்பினால், குதிரை படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்வீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது தலை. மேயும்போது குதிரை மணிக்கணக்கில் தலையைத் தாழ்த்தியே இருக்கும். மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் அப்படித்தான் வெளியேறும். லாரியில் தலைக்கயிற்றை உயர்த்தி, இறுக்கிக் கட்டிவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. சில மணி நேரத்திலேயே கிருமிகள் பெருகத் தொடங்கிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நெடும்பயணம் போன குதிரைகளுக்கு நுரையீரலிலும் அதைச் சுற்றியுள்ள உறையிலும் அழற்சி வருவது பெரும்பாலும் இதனால்தான். ஆகவே, குதிரை தலையைத் தோளுக்குக் கீழே தாழ்த்துகிறதா என்பது படத்தில் தெரிய வேண்டும். நெற்றி மட்டும் தெரிகிற கேமரா வேண்டாம். சென்னை–புதுச்சேரி தூரத்துக்கு இது பெரிய சிக்கல் ஆகாமல் போகலாம். ராஜஸ்தானிலிருந்து அந்தியூர் ஆடிச் சந்தைக்கு வரும் மார்வாரிக் குதிரைக்கு இது உயிர்ப் பிரச்சினை. அப்படிப்பட்ட பயணத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, தரையில் புல் போட்டுத் தலையைத் தாழ்த்த விட வேண்டும்.

எங்கே பொருத்துவது? 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளைப் படித்துப் பார். கடந்துபோகும் வாகனங்களைக் கண்டு மிரளாதபடி குதிரைகளின் முகம் இடப்பக்கம் இருக்க வேண்டும், குதிரைக்குக் குதிரை 8 செ.மீ. விட்டத்துக்குக் குறையாத மூங்கில் தடுப்பு வேண்டும், ஒரு வண்டியில் நான்கு முதல் ஆறு குதிரைகளுக்கு மேல் கூடாது, வேகம் மணிக்கு 35 கி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறது அது. சென்னையிலிருந்து தெற்கே வரும்போது இடப்பக்கம் என்பது கடல் பக்கம், காலை வெயில் அடிக்கும் பக்கம். வலப்பக்கச் சுவரிலிருந்து பார்க்கும் கேமராவுக்கு எதிர் வெளிச்சத்தில் குதிரை வெறும் கறுப்பு உருவமாகத்தான் தெரியும். உப்பளங்களை ஒட்டி வரும்போது வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்துகொள்ளும். அதனால் கேமரா இடப்பக்கச் சுவரின் உச்சியில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, முகங்களைப் பார்த்தபடி இருக்கட்டும். இன்னொன்று கால்களைப் பார்க்க வேண்டும், உதை படாத உயரத்தில். வயரை இரும்புக் குழாய்க்குள் விடு, இல்லாவிட்டால் குதிரை கடித்துவிடும். உப்புக் காற்று இணைப்புகளை எவ்வளவு சீக்கிரம் அரிக்கும் என்பது உனக்கே தெரியும்.

கால்களைப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் குதிரை நான்கு கால்களையும் அகட்டி, உடம்பை விறைத்துத் தாங்குகிறது. நிமிடத்துக்கு நிமிடம் அப்படித் தாங்கினால் அது ஓட்டுநரின் வேகத்தைப் பற்றிய புகார். 35 கி.மீ. என்ற விதியை இந்தச் சாலையில் யாரும் மதிப்பதில்லை. ஆனால் மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிய எந்தக் குதிரையைக் கேட்டாலும் அந்த விதியின் நியாயம் புரியும்.

காலால் தரையைக் கீறுவது, தலையை உதறுவது, மூக்கு விடைப்பது எல்லாம் யார் கண்ணுக்கும் படும். ஏறிய புதிதில் கொஞ்சம் பதறினால், அரை மணி நேரத்தில் அடங்குகிறதா என்று பார். எனக்கு அதிகக் கவலை தருவது அமைதியான குதிரைதான். புல்லைத் தொடாமல், காதை அசைக்காமல், தொங்கிய தலையோடு நிற்பதைப் பார்த்து ‘சாதுவா வருது’ என்று சொல்லிவிடாதே. நிறுத்தி, விலாவைப் பார்த்து மூச்சை எண்ணு. ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 வரை இருக்கும். அகச்சிவப்பு ஒளியில் எடுக்கும் இரவுப் படத்தில் ஈறின் நிறமோ மூக்குச் சளியின் நிறமோ தெரியாது. காய்ச்சலை எந்தப் படமும் காட்டாது. வெப்பமானி ஒன்று, டார்ச் ஒன்று வண்டியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

திரையை ஓட்டுநர் முன் வைக்காதே. அது குதிரையைப் பராமரிக்கும் சைஸின் கையில் இருக்கட்டும். குதிரைகளோடு பின்னால் நின்று வந்து நசுங்கிப்போகும் ஆபத்திலிருந்து அவரை இந்தக் கேமரா காப்பாற்றுகிறது, அதற்காகவே இதை நான் வரவேற்கிறேன். ஆனால் கேமரா வந்துவிட்டதே, சைஸ் எதற்கு என்று உரிமையாளர் கேட்டால், அந்த வேலையை ஒப்புக்கொள்ளாதே. அந்தக் குதிரை எப்போது நடிக்கிறது, எப்போது நோகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் அவருக்கே. உரிமையாளர் பேச வேண்டுமானால் அவரிடம் பேசட்டும்.

நிறுத்தும் இடங்களை ஒரு நாள் பைக்கில் போய்க் குறித்துக்கொள். நின்ற வண்டிக்குள் சூடு சட்டென்று ஏறும். மரக்காணத்தை ஒட்டிய உப்பள வெளியில் நிழலுக்கு மரம் தேடி அலைய முடியாது, அதற்கு முன்போ பின்போ இடம் பார்த்து வை.

போய்ச் சேர்ந்ததும் ஆபத்து தீர்ந்தது என்று பதிவை அழித்துவிடாதே. பட்டினப்பாலை காலத்திலிருந்தே இந்தக் கரைக்குக் கடல்வழியே குதிரை வந்திருக்கிறது. பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் மடிந்தன என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ சொல்கிறார். கப்பலை விட்டு இறங்கும்போது அவையும் நலமாகத் தெரிந்தபடிதான் இறங்கியிருக்கும். பயணத்தில் பிடித்த நுரையீரல் நோய் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அந்த மூன்று நாளும் காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்கச் சொல். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், எத்தனை மணி நேரம் தலை உயர்ந்தே இருந்தது என்பதை உன் பதிவிலிருந்து கணக்கெடுத்து, கையோடு மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடு.

அன்புடன்,
உன் அண்ணன்