மொட்டை மாடியில் ஒரு தஞ்சாவூர்

எழுதவோ, படம் வரையவோ, வீணை சாதகம் செய்யவோ வீட்டிலேயே ஒரு சின்னத் தனி அறை கட்டிக்கொள்வது எப்படி என்று சங்க அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. ரயில்வேயில் கட்டடப் பிரிவில் 35 வருடம் இருந்தவன் என்பதால் கேட்கிறார்கள். ஆனால் இந்த விஷயத்தில் முதல் தடவை நான் தோற்றவன். அதைச் சொன்னால்தான் பாடம் விளங்கும்.

என் மனைவி தஞ்சாவூர் ஓவியம் வரைபவள். குவார்ட்டர்ஸ்களில் இருந்த காலமெல்லாம் சாப்பாட்டு மேஜைதான் அவளுக்குப் பட்டறை. ஓய்வு பெற்று ஆசன்சோலில் சொந்த வீட்டுக்கு வந்ததும் மாடியில் பத்தடிக்கு எட்டடி அறை ஒன்று கட்டிக் கொடுத்தேன். ஐந்தங்குலச் சுவர், சிமெண்ட் ஷீட் கூரை, மேற்கே பெரிய ஜன்னல். "என்னங்க, கேட் லாட்ஜ் மாதிரியே கட்டியிருக்கீங்களே!" என்றாள். சிரித்தேன். மே மாதம் வந்தது. வெளியே 42 டிகிரி, உள்ளே 45. ஃபேன் போடலாமே என்பீர்கள். தங்க ரேக்கு ஒட்டும்போது ஃபேன் போட்டால் ரேக்கு பறந்துவிடும். பத்து நாளில் அவள் பலகையைச் சுருட்டிய பாயோடு ஓரமாகச் சாத்திவிட்டாள். அதன்பின் ஒன்றரை வருடம் தூரிகையையே தொடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சாந்திநிகேதன் போனோம். அங்கே உத்தராயண வளாகத்தில் தாகூர் 1935-ல் தமக்காகக் கட்டிக்கொண்ட 'சியாமளி' என்னும் மண் வீடு இருக்கிறது. சுரேந்திரநாத் கர் வடிவமைத்தது. சுவரில் நந்தலால் போஸும் கலாபவன மாணவர்களும் செய்த புடைப்புச் சிற்பங்கள். எல்லோரும் சிற்பத்தைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். தடித்த மண் சுவர், உள்ளே மண் பானைகள். பானைக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. டிப்ளமாவில் படித்ததுதான், பரீட்சையோடு மறந்துவிட்டேன்!

திரும்பி வந்து ஷீட்டைப் பிரித்தேன். கடக ரேகை எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் போகிறது. ஜூனில் உச்சி வெயில் நேர் செங்குத்தாக விழும். ஆகவே முதலில் காக்க வேண்டியது கூரையை. நாலங்குல கான்கிரீட் போட்டு, நீர்க்கசிவுத் தடுப்புப் பூசி, அதன்மேல் சுமார் 180 சிறு பானைகளைக் கவிழ்த்து அடுக்கினோம். இடைவெளியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். மேலே தட்டோடு, தண்ணீர் ஓட வாட்டம், வெள்ளைச் சுண்ணாம்பு. இந்தப் பாரம் மட்டுமே ஒரு டன்னுக்கு மேல் வரும். மேல் சுவர் கீழ்ச் சுவரின் மேலேயே நிற்க வேண்டும், பழைய வீடானால் பொறியாளரிடம் காட்டாமல் தொடாதீர்கள். மேற்குச் சுவரைப் பத்தங்குலமாக்கி ஜன்னலை அடைத்தேன். ஜன்னல் இப்போது வடக்கே. அங்கிருந்து வரும் வெளிச்சம் நாள் முழுவதும் அதிகம் மாறாது, நிறம் பார்க்க உகந்தது. அடுத்த மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு உள்ளே 36 டிகிரி, ஃபேன் இல்லாமல்.

பெர்னார்ட் ஷாவுக்கு இங்கிலாந்தில், தோட்டத்தில் ஒரு மரக் குடில் இருந்தது. நம் லோகோ ஷெட் டர்ன்டேபிள் போலச் சுழன்று சூரியனைப் பார்த்துத் திரும்பும். குளிர்தேசம், அவருக்கு வெயில் வேண்டும். அந்தக் கட்டுமானம் நமக்கு உதவாது. ஆனால் அவர் அதற்கு 'லண்டன்' என்று பெயர் வைத்திருந்தார். வருகிறவர்களிடம் வீட்டார் "லண்டன் போயிருக்கிறார்" என்று பொய்யில்லாமல் சொல்லிவிடலாம்! இந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் மாடி அறைக்குப் பெயர் 'தஞ்சாவூர்'. போன வாரம் கீழ் வீட்டு மாமி காபிப்பொடி கேட்டு வந்தபோது, "அவள் தஞ்சாவூர் போயிருக்கிறாள்" என்றேன். "எப்போ வருவா?" என்றார். "சாயங்காலம் ஆறு மணிக்கு" என்றேன். மாமி இன்னும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார். மேலே வெண்ணெய்க் கிருஷ்ணனுக்கு ரேக்கு ஒட்டும் வேலை நடக்கிறது. கதவைத் திறந்தால் காற்று வரும் என்பதால் எனக்கும் ஆறு மணி வரை அனுமதி இல்லை.