இல்லத்து மரப்பொருள்களில் வெடிப்பும் அதனைச் சீர்செய்யும் முறையும்

திண்டிவனம் என்னும் பெயர் 'திந்த்ரிணீ வனம்' என்பதன் மரூஉ என்று பெரியோர் கூறுவர். திந்த்ரிணீ என்பது வடமொழியில் புளிய மரத்தின் பெயர். புளியின் பழத்தைப் போற்றும் நாம் அதன் கொட்டையைக் குப்பையில் எறிந்து விடுகிறோம். தஞ்சாவூர்ச் சித்திரம் தீட்டுவோர் பலகையின்மேல் துணியை ஒட்டுவதற்கும், தச்சர்கள் மரத்தின் வெடிப்பை அடைப்பதற்கும் கையாண்ட பசை இக்கொட்டையினின்றும் எடுக்கப்பட்டதேயாகும்.

திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளின் பழைய க்ருஹங்களில் கோயிலாழ்வார், வாயில் நிலை, ஊஞ்சற்பலகை, மணை ஆகியவை இரண்டு மூன்று தலைமுறைகளைக் கடந்தும் நிற்கின்றன. அவற்றில் ஒரு வெடிப்புக் கண்டவுடன் "இனி உதவாது" என்று கழித்துவிட்டு, ஒட்டுப்பலகைப் பெட்டியை வாங்கி வைப்பது இந்நாளில் வழக்கமாகி வருகிறது. பெரும்பாலும் இது அவசரத்தால் விளைவதே.

மரத்திற்கு அழிவுண்டு என்பதில் ஐயமில்லை. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், 7ஆம் நூற்றாண்டில் மஹேந்த்ரவர்ம பல்லவன் மும்மூர்த்திகளுக்குக் குடைவித்த கோயிலின் வடமொழிச் சாஸனம், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி அது அமைக்கப்பட்டது என்று பெருமிதத்துடன் கூறுகிறது. அரசனுக்கு மலை கிடைத்தது. க்ருஹஸ்தர்களுக்கு மரமே கதி. ஆகையால் அதன் இயல்பை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

மரம் வெட்டுண்டபின் தன்னுள் இருக்கும் ஈரத்தை இழந்து சுருங்குகிறது. நீளவாக்கில் சுருக்கம் மிகச் சொற்பம். அகலவாக்கிலேயே அது மிகுதி. அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல ஏறக்குறைய இரு மடங்காகும். இவ்வாறு ஒரே மரம் இரு திசையில் இரு அளவாகச் சுருங்குவதால்தான் பிளவு உண்டாகிறது. உலர்ந்த பிறகும் இந்த அசைவு நிற்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை ஏற்றுப் பருக்கும். கத்திரி வெயிலில் மீண்டும் சுருங்கும். ஆதலின் ஒரே வெடிப்பு வைகாசியில் அகன்றும் கார்த்திகையில் ஒடுங்கியும் காணப்படும்.

இதனை அறியாதோர் கோடையில் வெடிப்பு மிக அகன்றிருக்கும்போது சிமெண்டையோ எம்-சீல் போன்ற கடினமான பொருளையோ திணித்து விடுகின்றனர். மழைக்காலத்தில் மரம் பருக்க இடமில்லாமல் விளிம்புகள் நசுங்குகின்றன; அடுத்த கோடையில் பக்கத்திலேயே புதிய வெடிப்புத் தோன்றுகிறது. அடைப்பதற்கு ஏற்ற காலம், மழை ஓய்ந்து வெயில் ஏறாத தை, மாசி மாதங்களே.

பசை செய்யும் முறையாவது: புளியங்கொட்டையை வெறும் சட்டியில் வறுத்து, இடித்து, மேல்தோலை நீக்கவேண்டும். உள்ளிருக்கும் வெண்மையான பருப்பை ஓர் இரவு ஊறவைத்து நன்றாக அரைத்து, நீர் சேர்த்து, கைவிடாமல் கிளறிக் காய்ச்சினால் கெட்டியான பசையாகும். அதே ஜாதி மரத்தின் தூளைச் சலித்து இதனுடன் பிசைய வேண்டும். தேக்குக்குத் தேக்குத்தூளே தகும். வேறு தூள் இட்டால் நிறம் காட்டிக்கொடுக்கும். தச்சர்கள் பிடிப்பு மிகுவதற்காக வஜ்ஜிரத்தையும் சேர்ப்பதுண்டு. அது தோல், எலும்பு முதலியவற்றைக் காய்ச்சி எடுப்பதாகையால் கோயிலாழ்வாருக்கு ஏற்றதன்று. பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்ப்பர். அது விஷமாதலால் சமையற் பாத்திரத்தில் கலக்கலாகாது. குழந்தைகளுக்கு எட்டவும் விடலாகாது.

வெடிப்பினுள் இருக்கும் தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முதலில் நீக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் விளக்கெண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பற்றாது. டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுதல் நன்று. அப்பொழுது அருகில் விளக்கு எரியலாகாது. பின்னர் மூங்கிற் சிம்பினால் பசையைச் சிறிது சிறிதாக ஆழத்தில் செலுத்தி, ஒன்று காய்ந்தபின் மற்றொன்றாக இட்டு, மேலே சற்றுப் புடைத்திருக்குமாறு விடவேண்டும். காயும்போது அது அடங்கும். நிழலில் உலர்ந்தபின் உப்புத்தாளால் ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். மழை படும் வாயிற்கதவுக்கு இப்பசை நிற்காது. அங்கே நீர் தாங்கும் வகை மரப்பசையே தேவை.

விரல் நுழையும் அளவு அகன்ற வெடிப்பைத் தூளால் அடைப்பது வீண். அதே மரத்தில் மெல்லிய ஆப்பு ஒன்றைச் சீவி, ரேகை ஒத்திருக்குமாறு பொருத்தி, ஒரு பக்கத்தில் மட்டும் பசையிட்டு ஒட்டுவது சிறந்தது. மறுபக்கம் மரத்தின் அசைவுக்கு இடமளிக்கும். பழைய தச்சர்கள் கதவுப் பலகையைச் சட்டத்தின் காடியில் தளர்வாகச் செருகியதும் இக்காரணம் பற்றியே. பின்னால் குறுக்குச்சட்டம் வைத்து இருமுனையும் ஆணியடித்து இறுக்கிய பலகை பிளக்காமல் என் செய்யும்?

கோயிலாழ்வாரின் மேற்பலகை மட்டும் வெடித்திருந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. உள்ளே ஏற்றிய விளக்கின் அனல் அப்பலகையை நாள்தோறும் உலர்த்துகிறது. விளக்கை வெளியே வைக்காமல் எத்தனை முறை அடைத்தாலும் அவ்வெடிப்பு மீளும்; பெட்டியே தீப்பற்றினும் வியப்பில்லை. வெடிப்பின் அருகே சிறு துளைகளிலிருந்து மாவு போல உதிருமாயின் அது உளுத்தல். பூச்சியை ஒழித்த பின்னரே அடைத்தல் தகும்.

இம்முறையெல்லாம் பலகைக்கும் பெட்டிக்குமே உரியது. ஆராதனையிலுள்ள தாரு விக்ரஹத்திற்கு உரியதன்று. திருக்கோவலூர் உலகளந்த பெருமாள் தாருமயமானவர் என்பது ப்ரஸித்தம். காஞ்சியில் அத்தி வரதர் 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை அனந்தஸரஸ்ஸினின்றும் எழுந்தருள்கிறார். 1979ஆம் ஆண்டுக்குப் பின் 2019ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஸேவை ஸாதித்தார். நீரில் மூழ்கியிருக்கும் மரம் உலர்வதில்லை. உலராத மரம் வெடிப்பதுமில்லை. கோயில்களில் தாரு விக்ரஹத்திற்குக் குறை நேரின் பாலாலயம் செய்து, ஆகமப்படி ஜீர்ணோத்தாரணம் நடத்தி, ஸம்ப்ரோக்ஷணம் செய்வர். இல்லத்தில் தாரு விக்ரஹம் வைத்து ஆராதிப்போரும் அதில் வெடிப்புக் கண்டால், பசைக் கிண்ணத்தை எடுக்குமுன் ஆகமம் அறிந்தவரைக் கலந்துகொள்வதே முறை.