கிண்ணத்தில் என்ன வைக்கப் போகிறாய், கண்ணு?

பனியன் கம்பெனிக் குடோனில் சுற்றித் திரிந்த பூனையைத் தூக்கி வந்து வீட்டில் வைத்திருக்கிறாயாம். உன் அம்மா போனில் சொன்னாள். நல்ல காரியம். அவளுக்கு இருக்கிற வருத்தம், சம்பளத்தில் ஒரு பங்கு வெட் ஃபுட் பவுச்சாகவே கரைகிறது என்பதுதான். எந்த பவுச் நல்லது என்று நீயும் கேட்டு அனுப்பியிருந்தாய். ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிடலாம். அடுத்த மாதம் அது கடைக்கு வராவிட்டால் திரும்பவும் முழிப்பாய். அதனால் பார்த்து எடுக்கிற விதத்தைச் சொல்கிறேன். கட்டிங் டேபிளில் நின்ற காலத்திலிருந்தே என் காலைச் சுற்றிப் பூனைகள் இருந்திருக்கின்றன. அவற்றிடமும், அவற்றை வளர்த்தவர்களிடமும் கற்றதில் உனக்கு ஆகிறதை மட்டும் எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகுமுன் பூனையைப் பார். தெருவிலிருந்து வந்ததற்குப் பிறந்த தேதி யாரும் எழுதி வைக்கவில்லை. நாம்தான் கணிக்க வேண்டும். ஆறு மாதம் ஆவதற்குள் பால்பல் விழுந்து பெரிய பல் முளைத்துவிடும். குட்டியாக இருந்தால் துணிப்பையில் உட்கார வைத்து மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார். முதல் நாலைந்து மாதம் மாதத்துக்கு அரைக் கிலோவை ஒட்டி எடை ஏறும். தெருவில் வளர்ந்தது சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். நாலு வாரம்கூட ஆகாத குட்டிக்கு எந்த பவுச்சும் வேண்டாம், அதற்கென்று பால்பவுடர் விற்கிறது. ஒரு மாதம் தாண்டியதற்கு வெட் ஃபுட்டில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழைத்து வை. ஒரு வயது வரைக்கும் ‘கிட்டன்’ என்று போட்டதையே வாங்கு. வயிறு சின்னது, ஒரே வேளையில் நிறைய வைக்காமல் நாலு வேளையாகப் பிரித்துக் கொடு.

2. வந்த அன்றே விருந்து வைக்காதே. அன்பு பொங்கும்போது கை நிதானம் இழக்கும். எங்கள் லைன் வீட்டில் ஒரு பெண், பூனை வந்த அன்றைக்கே டூனா, சிக்கன், கானாங்கெளுத்தி என்று மூன்று பவுச்சைப் பிரித்து வைத்தாள். மூன்றையும் அது நக்கித் தீர்த்தது. மறுநாள் விடியும்முன் வீடெல்லாம் பேதி. அவள் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனாள்; அவர் பாவம், என்ன செய்வார்? முன்னால் என்ன தின்றுகொண்டிருந்ததோ அதையே இரண்டு மூன்று நாள் கொடு. பிறகு புதியதைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று ஏற்றி ஒரு வாரம் பத்து நாளில் முழுதாக மாற்று. முதல் ராத்திரி அது கட்டிலடியில் போய் ஒளிந்துகொண்டால் இழுக்காதே. கிண்ணத்தை அருகில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார்.

3. பவுச்சைத் திருப்பிப் பிடி. இது உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நெஞ்சில் இருக்கும் பிரிண்ட்டைப் பார்த்தா பையர் பனியன் வாங்குகிறான்? உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிறான், லேபிளைப் படிக்கிறான், துணியின் ஜிஎஸ்எம் கேட்கிறான். பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்று இருந்தால் அது முழுச் சாப்பாடு. அதை மட்டுமே தின்றும் பூனை உயிர் வாழலாம். ‘காம்ப்ளிமென்ட்டரி’ என்று இருந்தால் அது தொட்டுக்கொள்ளத்தான். பார்க்கப் பளபளவென்று மீன் துண்டாகவே இருக்கும் டப்பாக்களில் பலவும் இந்த இரண்டாவது வகை. கையில் பிழிந்து நக்கவிடும் குச்சிப் பாக்கெட்டும் அப்படித்தான்.

முன்பக்கத்துப் படத்தை நம்பாதே. அமெரிக்காவில் இதற்கெல்லாம் அளவுகோல் வகுக்கும் ஆஃப்கோ என்ற அமைப்பின் விதிப்படி, ‘வித் டூனா’ என்று போட்டுக்கொள்ள 3 சதவீதம் டூனா இருந்தால் போதும். சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் வரும். முதல் இடத்தில் கோழி, மீன் என்று பெயர் சொல்லி ஒரு மாமிசம் இருக்கிறதா என்று பார். ‘கிரெயின் ஃப்ரீ’ என்று கூடுதல் காசு கேட்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

டாரின் என்ற சொல்லைக் கட்டாயம் தேடு. பூனை தன் தேவைக்கு அதை உடம்பில் தயாரித்துக்கொள்ளாது. தின்பதிலிருந்துதான் கிடைக்க வேண்டும். ஒரு காலத்தில் கடை உணவு தின்ற பூனைகளே இதயம் வீங்கித் தளர்ந்து செத்துக்கொண்டிருந்தன. 1987இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் காரணம் டாரின் குறைவு என்று கண்டு ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். டாரின் கொடுத்ததும் இதயம் தேறியது. அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் அதை அதிகமாகச் சேர்த்தன. ஈரம் கழித்த எடையில் டிரை ஃபுட்டுக்கு 0.1 சதவீதமும் டப்பா உணவுக்கு 0.2 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது ஆஃப்கோ கணக்கு.

4. எண்ணைப் பார்த்ததும் மயங்காதே, பயப்படவும் செய்யாதே. டிரை ஃபுட்டில் புரதம் 32 சதவீதம், வெட் ஃபுட்டில் வெறும் 9 என்று பார்த்துவிட்டு ஏமாற்றுகிறார்கள் என்று சிலர் கோபப்படுவார்கள். வெட் ஃபுட்டில் 82 பங்கு தண்ணீர் என்றால் மிச்சம் 18; அந்தப் பதினெட்டில் ஒன்பது என்றால் பாதிக்குப் பாதி புரதம். டிரை ஃபுட்டில் தண்ணீர் 10 கழித்தால் 90இல் 32, அதாவது 36 சதவீதம்கூட வரவில்லை.

அந்த எண்ணும் பொய் சொல்லும். 2007 மார்ச்சில் கனடாவின் மெனு ஃபுட்ஸ் கம்பெனி 6 கோடி டப்பாக்களையும் பவுச்சுகளையும் திரும்பப் பெற வேண்டி வந்தது. எல்லாம் கிரேவியில் துண்டு மிதக்கும் ரகம். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து கணக்குப் போடுகிறார்கள். மெலமைனில் நைட்ரஜன் ஏராளம். சோதனையில் புரதம் அதிகம் என்று வந்தது; வீடுகளில் நாயும் பூனையும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. ஆகவே சதவீதத்தோடு சேர்த்து அது எதிலிருந்து வருகிறது என்பதையும் படி.

5. ‘பல்லடம் பக்கத்தில் இருக்க, பவுச் எதற்கு?’ என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கறிக்கோழிக்குப் பெயர்போன அந்த ஊர் நம் திருப்பூருக்குக் கூப்பிடு தூரம்; தென்னம்பாளையம் மார்க்கெட்டுக்குப் போனால் மீனும் கிடைக்கும். எங்கள் கம்பெனி வாட்ச்மேன் அப்படித்தான் ஒரு குட்டியை வளர்த்தார். மூன்று வேளையும் எலும்பில்லாத வேகவைத்த கோழி. தன் தட்டில் இருப்பதைவிட நல்லதை அதற்கு வைப்பார். குட்டி உருண்டு திரண்டு அழகாக இருந்தது. ஒருநாள் துணி பண்டிலிலிருந்து குதித்தது, இரண்டடி உயரம்கூட இராது, பின்னங்கால் உடைந்துவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு கோடுதான் தெரிந்தது. வெறும் கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். பற்றாத கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். வாட்ச்மேன் பேசவே இல்லை. அவர் குறை வைத்தது அன்பில் இல்லை, கண்ணு. விசாரிக்காமல் விட்டதுதான்.

வேகவைத்த கோழி வேண்டாம் என்று சொல்லவில்லை. முழு உணவின் மேல் நாலு துண்டு போடு. உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் வேண்டாம். டாரின் வெந்த தண்ணீரில் இறங்கிவிடும், அந்தத் தண்ணீரையும் ஊற்று. ஈரல் எப்போதாவது கொஞ்சம். தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து எலும்பைக் கெடுக்கும். நம் வீட்டு மீன்குழம்புச் சோறு கூடவே கூடாது: வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். பாலும் வேண்டாம். பால்குடி மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிக்காது. கதைப் பூனை குடித்துக்கொள்ளட்டும்.

6. வெட் ஃபுட்டின் பெரிய உபகாரம் தண்ணீர். பூனையின் பாட்டன் பூட்டன் எல்லாம் வறண்ட நிலத்துக் காட்டுப் பூனைகள். இரையின் உடம்பிலிருந்தே ஈரத்தை எடுத்துக்கொண்டவை. தாகம் அவற்றுக்கு மெதுவாகத்தான் தெரியும். நம் ஊரிலோ தண்ணீரே ஒரு கதை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபோது ஊரே முடங்கியது உனக்கு நினைவிருக்காது. அதற்கு முன்னால் நொய்யல் ஆற்றில் விட்ட சாயக்கழிவெல்லாம் நிலத்தில் இறங்கி, இன்றும் பல இடங்களில் போர்த் தண்ணீர் கரிக்கிறது. நீ கேன் தண்ணீர் குடித்துக்கொண்டு பூனைக்கு மட்டும் போர்த் தண்ணீரை வைக்காதே. நீ குடிப்பதையே அதற்கும் வை. சோற்றுக் கிண்ணத்தை விட்டுத் தள்ளி வை.

உன்னுடையது ஆண்பூனை என்றால் இன்னும் ஒன்று. அதன் மூத்திரக் குழாய் மிகக் குறுகல், அடைத்துக்கொள்ளும். மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுக்கூட வரவில்லை என்றால், மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்காதே. விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போ. ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

7. விரலுக்கேற்ற வீக்கம் பார். நாலு கிலோ எடையுள்ள வளர்ந்த வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி போதும். 85 கிராம் பவுச்சில் 60 முதல் 80 கலோரி வரை இருக்கும். வெட் ஃபுட் மட்டுமே என்றால் தினம் மூன்று பவுச். 45 ரூபாய் என்று வைத்தால்கூட மாதம் நாலாயிரத்தைத் தொடும். சனிக்கிழமைச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இது சின்னத் தொகையா? தினம் ஒரு பவுச், மீதிக்கு நல்ல டிரை ஃபுட் 35 கிராம் என்று வைத்துக்கொள்; யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது. முதல் வாரம் உசத்தி டப்பா, மாதக் கடைசியில் தயிர்ச்சோறு என்று வளர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூனைக்குச் சம்பள நாள் தெரியாது. ஆர்டர் குறைந்த மாதத்திலும் உன்னால் வாங்க முடிகிறது எதுவோ, அதுதான் உனக்கு நல்ல பவுச்.

8. நம் வெயிலில் பிரித்த பவுச் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிண்ணத்தில் இருக்கக் கூடாது. மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வை, மறுநாளைக்குள் தீர்த்துவிடு. எடுத்ததும் ஜில்லென்று வைக்காதே. சுடுதண்ணீரில் ஒரு நிமிஷம் வைத்து ஆறவிட்டால் வாசனை கிளம்பும். பூனை முதலில் மூக்கால்தான் சாப்பிடுகிறது.

9. அது முகத்தைத் திருப்பிக்கொண்டால் மனசு உடையாதே. நீ ஆசையாக வாங்கிய பவுச்சை முகர்ந்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடுவதுபோல் தரையைப் பிறாண்டிவிட்டுப் போகும். அவமதிப்பு இல்லை. அதன் நாக்கே வேறு. இனிப்பு என்ற ருசியே அதற்குத் தெரியாது. அதற்கான மரபணு பூனை இனத்தில் செத்துக் கிடக்கிறது என்று 2005இல் ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் கண்டுபிடித்தார்கள். கிரேவி பிடிக்காதது ஜெல்லி தின்னும். ஜெல்லி பிடிக்காதது மசித்ததைத் தின்னும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார். கோபித்துக்கொண்டு பட்டினி போடாதே. ‘பசித்தால் தானாகத் தின்னும்’ என்பது பூனையிடம் செல்லாது. இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தால், குண்டுப் பூனை என்றால் இன்னும் சீக்கிரம், கொழுப்பு ஈரலில் போய் அடைந்துகொள்ளும். குட்டிக்கு ஒரு நாள் பட்டினியே அதிகம்.

10. தின்னாமல் இருப்பதற்கு உணவு காரணமாக இல்லாமலும் போகலாம். நம் ஊர்ப் பூனைக்கு மற்ற ஊர்ப் பூனைக்கு இல்லாத ஆபத்து ஒன்று உண்டு: நூல். ஓவர்லாக் நூல், எலாஸ்டிக், கட்டிங் வேஸ்ட், பண்டில் கட்டும் நாடா எல்லாம் அதற்கு விளையாட்டுச் சாமான். பூனையின் நாக்கில் முட்கள் பின்பக்கமாக வளைந்திருக்கும். நூல் ஒரு முறை மாட்டினால் துப்ப முடியாது, உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்கடியில் சிக்கி, மறுமுனை குடலில் இறங்கினால் குடல் சுருங்கிச் சுருங்கி அறுந்துபோகும். வாந்தி, எச்சில் ஒழுகல், பிடித்த பவுச்சுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு தின்னாமல் இருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் நாக்கைத் தூக்கிப் பார். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுத்துவிடாதே, அறுக்கவும் செய்யாதே. அப்படியே அள்ளிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடு. நம் மாவட்டத்திலேயே உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அது தின்னும் பவுச்சையும் கையோடு எடுத்துப் போ, டாக்டர் கேட்பார். சாயங்காலம் கம்பெனி விட்டு வந்ததும் துப்பட்டாவிலும் சட்டையிலும் ஒட்டியிருக்கும் நூலை வாசலிலேயே உதறிவிட்டு உள்ளே போ.