நாள் தள்ளிப்போதலும் தாய் சேய் நலமும்

ஒரு பெண் கருவுற்றிருப்பதை 'முழுகாமல் இருக்கிறாள்' என்று கூறுவது தமிழ் மக்களின் வழக்கு. மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் நாள் வராமையையே கருவுற்றதன் முதல் அறிகுறியாக நம் முன்னோர் கொண்டனர். ஆயினும், அந்த அறிகுறி தோன்றிய பின்னரும் இரண்டு மூன்று மாதங்கள் வெளியில் சொல்லாமல் இருப்பது நாட்டின் பல பகுதிகளில் இன்றும் காணப்படும் பழக்கமாகும். கூச்சம், கண்ணேறு குறித்த அச்சம், 'பொறுத்துப் பார்ப்போம்' என்ற மனப்பான்மை ஆகியவை இதற்குக் காரணங்கள். இத்தாமதத்தால் ஏற்படும் இழப்பு பெரிது. அதைத் தவிர்க்கும் வழியோ எளிது.

நாட்கணக்கு

மாதவிலக்குச் சுழற்சி எல்லாப் பெண்களுக்கும் 28 நாட்களாக அமைவதில்லை. 21 முதல் 35 நாட்கள் வரை இருப்பது இயல்பே. அடுத்த விலக்கு வருவதற்குச் சுமார் 14 நாட்களுக்கு முன் சினைமுட்டை வெளிப்படுகிறது. அது கருவுற்றால் கருப்பையில் பதிந்து வளரத் தொடங்குகிறது, விலக்கு நின்றுவிடுகிறது.

கர்ப்பகாலத்தை மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிடுகின்றனர். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 28 நாள் சுழற்சியுள்ள ஒரு பெண்ணுக்கு ஜூன் 10ஆம் நாள் விலக்கு தொடங்கியது என்க. ஜூன் 24ஆம் நாளையொட்டி அவர் கருவுற்றிருந்தால், ஜூலை 8ஆம் நாள் வரவேண்டிய விலக்கு வராது. அன்றே கர்ப்பம் நான்கு வாரம் எனக் கணக்காகிவிடும். ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால், பேறுகால நாள் மார்ச் 17 எனக் கிடைக்கும்.

குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடிப்படையான நரம்புக் குழல், கருவுற்ற சுமார் 28 நாட்களுக்குள் உருவாகி மூடிக்கொள்கிறது. மேற்சொன்ன பெண்ணுக்கு இது ஜூலை 22ஆம் நாளையொட்டி முடிந்துவிடும். அதாவது நாள் தள்ளிப்போன இரண்டே வாரங்களில். இக்குழல் சரியாக அமைய ஃபோலிக் அமிலம் உதவுகிறது. எனவே, குழந்தை வேண்டுவோர் கருவுறுமுன்பே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் அளவில் இம்மாத்திரையை உட்கொள்வது நலம். மூன்றாம் மாதத்தில் மருத்துவரை நாடுவோர் இந்தப் பயனை இழந்துவிடுகின்றனர்.

உறுதி செய்யும் முறை

கரு பதிந்தபின் சுரக்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சிறுநீரில் வெளிப்படுகிறது. இதைக் கண்டறியும் சோதனை அட்டைகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. அரசின் 'நிஷ்சய்' அட்டைகள் ஆஷா பணியாளர்கள் வழியாக வழங்கப்படுகின்றன. நாள் தள்ளிப்போன பின், காலையில் கழிக்கும் முதல் சிறுநீரில் சில துளிகளை அட்டையின் குழியில் இட்டு, அதில் குறித்துள்ள நேரம் கழித்துப் பார்க்கவேண்டும். இரு கோடுகள் தோன்றினால் கர்ப்பம்; 'சி' என்னுமிடத்தில் மட்டும் ஒரு கோடு தோன்றினால் இல்லை. அவ்விடத்தில் கோடு தோன்றாவிடில் அச்சோதனை செல்லாது. 'இல்லை' என்று காட்டியும் விலக்கு வராவிடில், ஒரு வாரம் கழித்து மீண்டும் சோதிக்கவேண்டும்.

நாள் தள்ளிப்போவதெல்லாம் கர்ப்பமன்று. மனக்கவலை, உடல் எடையில் பெருமாற்றம், தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி, கருத்தடை ஊசி, மாதவிலக்கு நிற்கும் வயது நெருங்குதல் ஆகியவையும் காரணமாகலாம். மாறாக, பாலூட்டும் தாய்மார் பேறுகாலத்திற்குப் பின் விலக்கே வராத நிலையிலும் மீண்டும் கருவுறக்கூடும். அடிவயிற்றில் கடும் வலி, உதிரப்போக்கு, மயக்கம் ஆகியவை தோன்றினால் கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடும். இது உயிருக்கு ஆபத்தானது. உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

செய்யக்கூடாதது

விலக்கை 'வரவழைக்க' நாட்டுமருந்தையோ கடையில் தாமே கேட்டு வாங்கும் மாத்திரையையோ நாடுவது பெருந்தீங்கு விளைவிக்கும். கர்ப்பத்தைத் தொடர இயலாத நிலையிலுள்ள பெண்ணுக்குச் சட்டமே வழிவகுத்துள்ளது. 1971ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021ஆம் ஆண்டுத் திருத்தமும், சட்டம் கூறும் காரணங்களுக்காக, தகுதிபெற்ற ஒரு மருத்துவரின் கருத்தின்பேரில் 20 வாரம் வரை கருக்கலைப்புக்கு இடமளிக்கின்றன. பெண்ணின் பெயர் மறைவாகக் காக்கப்படும். இதற்கும் காலத்தே அறிதலே துணை. வாரங்கள் கூடக்கூட இடர்ப்பாடும் கூடும்.

பதிவும் பயனும்

கருவுற்ற பெண் 12 வாரங்களுக்குள் துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். நமது எடுத்துக்காட்டில் அக்கெடு செப்டம்பர் 2ஆம் நாள் முடிகிறது. பதிவின்போது இரத்த அழுத்தம், எடை, இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு ஆகியவை பார்க்கப்படுகின்றன. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கருவுற்ற பெண்களில் 52.2 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். இக்குறையை ஈடுசெய்ய மாதங்கள் தேவை. பேறுகாலம் நெருங்கியபின் கண்டறிந்தால் காலம் போதாது. பிரதமரின் தாய்மை நல உதவித் திட்டத்தின்கீழ் முதற் குழந்தைக்கு அளிக்கப்படும் 5,000 ரூபாயைப் பெறுவதற்கும் இப்பதிவு இன்றியமையாதது.

முதல் மூன்று மாதங்களுக்குள் பரிசோதனை பெற்ற தாய்மார் 2015-16இல் 58.6 சதவீதம், 2019-21இல் 70 சதவீதம். முன்னேற்றம் மகிழ்ச்சிக்குரியதே. எனினும் பத்துத் தாய்மாரில் மூவர் அக்காலத்தைத் தவறவிட்டனர் என்பதையும் இதே கணக்கு கூறுகிறது. மருத்துவமனைகள் கட்டவும் மருத்துவர்களை அமர்த்தவும் பெரும் பொருள் வேண்டும். விலக்கு தொடங்கும் நாளை நாட்காட்டியில் குறித்துவைப்பதற்குச் செலவேதும் இல்லை. அவ்வழக்கத்தைத் தம் பெண்மக்களுக்குத் தாய்மார் கற்பிக்கவேண்டும். நாள் தள்ளிப்போனதைச் சொல்லும் மனைவியைச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்வதைக் கணவர் தம் கடமையாகக் கொள்ளவேண்டும். அரசின் திட்டங்கள் உரிய காலத்தில் பயன்தருவது இதைப் பொறுத்தே அமையும்.