கடன் பட்டியல் காத்த வீடு

17ஆம் நூற்றாண்டில் அம்ஸ்டர்டாம் உலக வணிகத்தின் பெரிய மையங்களுள் ஒன்றாக விளங்கியது. பொருள் ஈட்டிய வணிகர்கள் தம் வீடுகளுக்கு ஓவியங்களை விரும்பி வாங்கினர். ஆகவே ஓவியர்களும் அந்நகரை நாடி வந்தனர். 1606இல் லைடன் நகரில் பிறந்த றெம்பிராண்ட் அவர்களுள் ஒருவர்.

1639இல் அவர் 13,000 கில்டருக்கு ஒரு பெரிய வீட்டை வாங்கினார். அதன் பெரும்பகுதி கடன். 1642இல் அவர் தீட்டிய 'இரவுக் காவல்' அவருடைய புகழை இன்றுவரை தாங்கி நிற்கிறது. வருவாய்க்கும் குறைவில்லை. ஆனால் ஓவியங்கள், சிற்பங்கள், சங்குகள், பழைய ஆயுதங்கள் என வாங்கிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக் கடன் முழுமையாகத் தீரவில்லை.

1656இல் அவர் வங்குரோத்து நிலையை அடைந்தார். அவ்வாண்டு யூலை மாதம் அதிகாரிகள் அறை அறையாகச் சென்று பொருட்களைப் பதிந்தனர். மொத்தம் 363 பதிவுகள். சலவைக்குக் கொடுத்திருந்த சட்டைகளும் கைக்குட்டைகளும்கூட விடுபடவில்லை. பொருட்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. 1658இல் வீடும் ஏலம் போயிற்று.

ஆயினும் அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. 1660இல் அவருடைய மகன் டைட்டசும் வாழ்க்கைத் துணைவி ஹென்ட்றிக்யேவும் கூட்டு வணிகம் ஒன்றுக்கு ஒப்பந்தம் எழுதி, அவரை அதில் பணியாளர் ஆக்கினர். அவர் வரையும் படங்களைக் கடன்காரர் கைப்பற்றாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. துணி வணிகச் சங்க மேற்பார்வையாளர்களைக் காட்டும் புகழ்பெற்ற ஓவியம் 1662இல் பிறந்தது. 1669இல் அவர் காலமானார்.

கணக்காளர் பார்வையில், இத்தகைய பட்டியல் கடன் கொடுத்தவர்களுக்கு எவ்வளவு தேறும் என்று அறிவதற்கானது. அந்த வேலை அன்றே முடிந்துவிட்டது. பட்டியலோ அழியவில்லை. அவ்வீடு 1911இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. 1990களின் இறுதியில் அதன் உட்புறத்தைப் பழையபடி அமைத்தபோது, எந்த அறையில் என்ன இருந்தது என்பதற்கு இப்பட்டியலே சாட்சியாயிற்று.

நம்மில் பலர் விட்டு வந்த வீடுகளுக்கு அப்படியொரு பட்டியல் இல்லை. சுவாமி அறையில் எந்தப் படங்கள் இருந்தன, அம்மம்மாவின் பெட்டகம் எந்தச் சுவரோடு நின்றது என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பிள்ளைகள் ஒரு கொப்பியை எடுத்து, அவர்கள் அருகில் இருந்து, அறை அறையாகக் கேட்டு எழுதட்டும். விலை எதுவும் போட வேண்டாம். பொருளின் பெயரும் அது இருந்த இடமும் போதும்.