ஊராட்சிக் கணினியும் மக்களின் அந்தரங்கமும்

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

கிராமக் கணக்குகள் ஒரு காலத்தில் கர்ணத்தின் மரப்பெட்டியில் இருந்தன. பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவி 1980 ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் நீக்கப்படும் வரை, யாருக்கு எவ்வளவு நிலம், யார் எவ்வளவு தீர்வை பாக்கி என்று அறிய விரும்பியவர் அவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்று கேட்க வேண்டியிருந்தது. அம்முறையில் குறைகள் பல உண்டு; அது நீங்கியது நன்மையே. ஆயினும் அப்பெட்டிக்கு ஒரு பூட்டு இருந்தது. சாவி எவரிடம் இருக்கிறது என்பதை ஊரார் அறிந்திருந்தனர்.

இன்று அந்தப் பெட்டியின் இடத்தில் ஊராட்சி அலுவலகக் கணினி அமர்ந்திருக்கிறது. முதியோர் உதவித்தொகை, வீடு கட்டும் திட்டம், வேலைத் திட்டம், வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் ஆகிய எல்லாவற்றின் பட்டியல்களும் அதனுள் அடங்கியுள்ளன. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் ஆகியவை வரிசை வரிசையாக அதில் உள்ளன. இப்பெட்டிக்குப் பூட்டு உண்டா? சாவி யாரிடம் இருக்கிறது? இவ்விரு வினாக்களை ஊராட்சி மன்ற அங்கத்தினர்களும் உழவர் பெருமக்களும் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், முதியோர் உதவித்தொகை பெறும் மூதாட்டி ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். கைப்பேசியில் யாரோ ஒருவன் அவரை அழைத்து, அவர் பெயரையும், காலஞ்சென்ற கணவர் பெயரையும், வங்கிக் கணக்கின் கடைசி இலக்கங்களையும் பிழையின்றிச் சொல்லியிருக்கிறான். பின்னர், கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கணக்கில் இருந்த தொகை முழுவதையும் எடுத்துவிட்டான். "என் வீட்டுக்காரர் பேரைச் சொன்னான் ஐயா, நம்ம ஆபீசுலேருந்துதான் பேசுறாங்கன்னு நம்பிட்டேன்" என்றார் அந்த அம்மையார். அவர் நம்மிடம் வந்தது நான்காம் நாள். தொகை மீளவில்லை.

விசாரித்ததில் ஓர் உண்மை வெளிப்பட்டது. பயனாளிகளின் பட்டியலை அந்த ஊர் வார்டு உறுப்பினர் ஒருவர், எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும் என்ற நல்லெண்ணத்துடன், ஊர் வாட்ஸ்அப் குழுவில் வெளியிட்டிருந்தார். ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் மறைக்கப்படாமல் அப்பட்டியலை ஊராட்சிக்கு அனுப்பியது நம் அலுவலகம். அடியில் இருந்த கையெழுத்து நம்முடையது. மோசக்காரனுக்கு விவரம் அதிலிருந்துதான் கிடைத்தது என்று நிரூபிக்க இயலவில்லை. அதிலிருந்து கிடைக்கவில்லை என்று சொல்ல நமக்கும் வாய் இல்லை.

எது பொது, எது அந்தரங்கம்?

ஊராட்சியின் நடவடிக்கைகள் ஒளிவுமறைவின்றி நடைபெற வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. கிராம சபையில் பட்டியலைப் படிக்கிறோமே, அதில் என்ன அந்தரங்கம் என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. எந்தத் திட்டத்தில் யாருக்கு எவ்வளவு தொகை வழங்கப்பட்டது என்பது சபைக்குரிய செய்தி. அத்தொகை சென்று சேரும் கணக்கின் எண்ணும், ஆதார் எண்ணும், கைப்பேசி எண்ணும் சபைக்குரியவை அல்ல. அவற்றை அறிவதால் ஊழலைத் தடுக்க முடியாது. திருட்டுக்கு வழி திறக்கவே முடியும்.

சட்டமும் இதையே கூறுகிறது. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையாகும் என்று 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒருவருடைய ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதை 2016 ஆம் ஆண்டு ஆதார்ச் சட்டம் தடை செய்கிறது. மக்களின் விவரங்களைக் கணினியில் கையாளுவோரின் கடமைகளை வகுக்கும் தனிச் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டு, அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுள்ளன.

லினக்ஸ் என்பது யாது?

மேற்கூறிய நிகழ்ச்சிக்குப் பின் ஊராட்சிகளின் கணினிகளைப் பார்வையிட்டோம். பெரும்பாலானவை எட்டு, ஒன்பது ஆண்டுப் பழமை உடையவை. கடவுச்சொல் இல்லை, வந்தவர் எல்லாம் பென் டிரைவைச் செருகினர். கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான விண்டோஸ் 10க்குப் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படுவது 2025 அக்டோபர் 14 உடன் முடிவுற்றது. அதற்குப் பின்னும் திருத்தம் வேண்டுவோர் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கே. திருத்தம் பெறாத கணினி, ஓடு உடைந்த கூரையைப் போன்றது. மழை வரும் வரை குறை தெரியாது. புதிய கணினி வாங்கவோ நிதி இல்லை. சில இடங்களில் உரிமம் இல்லாத திருட்டுப் படிகளை ஏற்றிக் காலம் கடத்தினர். இது சட்டத்துக்குப் புறம்பானது. தீய நிரல்கள் அப்படிகளுடன் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு.

இவ்விடர்ப்பாட்டுக்குத் தக்க மாற்று லினக்ஸ் ஆகும். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991 இல் இதனைத் தொடங்கினார். அதற்கு முன்பே 1983 இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார், எவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க மென்பொருள்களைப் படைக்கும் க்னூ திட்டத்தை அறிவித்திருந்தார். இவ்விரண்டும் இணைந்து, உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் உழைப்பால் வளர்ந்ததே இன்றைய லினக்ஸ்.

உழவர்களுக்கு இதனை விதையைக் கொண்டு விளக்கலாம். சில விதைகளை ஒவ்வொரு பட்டத்துக்கும் விலை கொடுத்து வாங்க வேண்டும். நம் வயலில் விளைந்ததை எடுத்து வைத்து மீண்டும் விதைத்தால் பழைய விளைச்சல் கிடைக்காது. நாட்டு விதையோ நாமே சேர்த்து வைக்கலாம், விதைக்கலாம், பொறுக்கித் தேர்ந்து மேம்படுத்தலாம், அண்டை வீட்டாருக்கும் ஒரு படி கொடுக்கலாம். லினக்ஸ் நாட்டு விதையைப் போன்றது. அதன் உள்ளமைப்பு எவரும் படித்துப் பார்க்கத்தக்கதாக வெளியிடப்பட்டுள்ளது. ஆகவே நம் விவரங்களை நமக்குத் தெரியாமல் வெளியே அனுப்பும் சூழ்ச்சி அதில் நுழைந்தால், கண்டுபிடிக்க வல்லோர் பலர் உள்ளனர்.

இது நமக்கு அந்நியமும் அன்று. மைய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் 2007 இல் வெளிவந்தது. 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில், மாணவர் பெற்ற கணினிகளில் அதுவும் இடம்பெற்றிருந்தது. அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் மாணவர்கள் லினக்ஸிலேயே கணினி பயில்கின்றனர்.

பழைய கணினியில் நிறுவும் முறை

மேலலுவலகத்தின் ஒப்புதலைப் பெற்று, ஓர் ஊராட்சியில் ஒன்பது ஆண்டுப் பழமையுள்ள கணினியில் 'லினக்ஸ் மின்ட்' என்னும் வகையை நிறுவிப் பார்த்தோம். இதற்கு 2 ஜி.பி. நினைவகம் குறைந்த அளவாகும், 4 ஜி.பி. இருந்தால் இடரின்றி இயங்கும். பின்பற்ற வேண்டிய வரிசை வருமாறு:

முதலாவதாக, கணினியில் உள்ள கோப்புகள் அனைத்தையும் இரு தனி வட்டுகளில் படி எடுத்து, ஒன்றை அலுவலகப் பீரோவிலும் மற்றொன்றை வேறோர் இடத்திலும் பூட்டி வைக்க வேண்டும். இதனைச் செய்யாமல் அடுத்த படிக்குச் செல்லலாகாது.

இரண்டாவதாக, லினக்ஸை அதன் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவில் முறைப்படி எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, கணினியை அந்தப் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்க வேண்டும். இவ்வாறு செய்கையில் உள்ளே இருக்கும் வட்டு தொடப்படுவதில்லை. அச்சு இயந்திரம், இணையத் தொடர்பு, தமிழ்99 தட்டச்சு ஆகியவை சரியாக அமைகின்றனவா என்று இந்நிலையிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

நான்காவதாக, மனநிறைவு ஏற்பட்ட பின்னரே நிறுவுதல் வேண்டும். அப்போது வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுப்பது மிக முக்கியம். மறையாக்கம் செய்த வட்டு, கடவுச்சொல் தெரியாதவன் கையில் வெறும் தகடு. கணினி திருடு போயினும், பழுது பார்க்கும் கடையில் கிடப்பினும் உள்ளிருக்கும் பட்டியல் வெளியேறாது. ஆனால் கடவுச்சொல்லை நாமே மறந்துவிட்டால் நமக்கும் அது வெறும் தகடே. ஆகையால் அதனை உறையில் இட்டு முத்திரை வைத்து, ஊராட்சியின் இரும்புப் பெட்டியில் காத்தல் வேண்டும்.

முதல் வாரம் ஊராட்சிச் செயலர் மிகவும் சலித்துக்கொண்டார். அச்சு இயந்திரத்தை இணங்கச் செய்ய ஒரு நாள் முழுவதும் பிடித்தது. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்களை மாற்ற வேண்டியிருந்தது. கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபீஸ், இணையம் பார்க்கப் பயர்பாக்ஸ் ஆகியவை உடன் வந்ததால், ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ஆயினும், மின்னொப்பக் கருவியும் கைரேகைக் கருவியும் சில இடங்களில் விண்டோஸையே எதிர்பார்க்கின்றன. அவற்றை முன்னரே சோதித்து, இணங்காவிடில் அப்பணிக்கு மட்டும் திருத்தங்கள் பெறும் வேறொரு கணினியை ஒதுக்குவதே அறிவுடைமை.

லினக்ஸ் ஒன்றே போதுமா?

போதாது. இதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறோம். 2016 ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவியது. அது பிடித்துக்கொண்டவை பெரும்பாலும் லினக்ஸில் இயங்கிய கண்காணிப்புக் கேமராக்களும் இணையப் பெட்டிகளுமே. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொற்களுள் ஏறத்தாழ 60ஐ ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தே அது உள்ளே நுழைந்தது. அவ்வாறு வசப்பட்ட கருவிகளைக் கொண்டு 2016 அக்டோபர் 21 அன்று நிகழ்ந்த தாக்குதலால், புகழ்பெற்ற இணையதளங்கள் பல அமெரிக்காவில் மணிக்கணக்கில் முடங்கின. பூட்டு நல்லதுதான், சாவியை யாரும் மாற்றவில்லை. நம் ஊர்ச் சந்திகளிலும் இன்று கேமராக்கள் பொருத்தப்படுகின்றன. அவற்றின் கடவுச்சொல்லை மாற்றியாயிற்றா என்று அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே கேட்பது நலம்.

கைப்பேசியின் நிலையும் இதுவே. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கருவும் லினக்ஸே. உழவர் பலர் அறியாமலேயே லினக்ஸைப் பயன்படுத்தி வருகின்றனர். எனினும், செயலி கேட்கும் அனுமதிகளையெல்லாம் கொடுத்துவிட்டால் எந்த உட்கருவும் காப்பாற்றாது. விளக்கு எரிக்கும் செயலிக்கு நம் உறவினர் எண்கள் எதற்கு? கடன் தரும் செயலிகள் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறை வகுத்துள்ளது. கேட்கும் செயலியை நீக்கிவிட வேண்டும். உழவர் உதவித்தொகையின் பெயரைச் சூட்டி வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்புகளைத் திறக்கவே கூடாது.

ஊராட்சிகள் மேற்கொள்ள வேண்டியவை

1. பட்டியலை வெளியிடுமுன் ஆதார், கணக்கு, கைப்பேசி எண்களை நீக்குக. ஆதார் நகல் தேவைப்படின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் நகலைப் பெறுக.

2. கணினியைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் அமைக்க. ஊர்ப் பெயரும் பிறந்த ஆண்டும் கடவுச்சொல் ஆகா. தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து அமைப்பது நன்று.

3. பாதுகாப்புத் திருத்தங்களை வாரந்தோறும் ஏற்றுக.

4. கணினியைக் கழிக்கும்போது வட்டைக் கழற்றி எடுத்துக்கொள்க. கோப்பை அழித்தாலும் அதன் சுவடு வட்டில் தங்கியிருக்கும். மீட்கத் தெரிந்தோர் உள்ளனர்.

5. கைரேகையால் பணம் எடுக்கும் வசதியை அடிக்கடி பயன்படுத்தாதோர், ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் தம் கைரேகையைப் பூட்டி வைக்கலாம், தேவையானபோது திறந்துகொள்ளலாம்.

6. பணம் பறிபோனால் அந்த நொடியே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதைச் சுவரில் எழுதி வைக்க. நாள் கடந்தால் பணம் கை மாறிப் போய்விடும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. வேண்டுவது கவனமும் பழக்கமுமே.

இப்பொழுது நம் அலுவலகத்திலிருந்து செல்லும் பட்டியல் எதுவும் எண்களை மறைக்காமல் செல்வதில்லை. அந்த மூதாட்டியை அண்மையில் ஒரு கிராம சபையில் கண்டோம். பட்டியல் படித்து முடிந்ததும் அவர் எழுந்து, "என் நம்பர் இருக்குற தாளு இப்போ எங்கேய்யா இருக்கு?" என்று கேட்டார். பூட்டியிருக்கும் இடத்தையும், சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் செயலர் எழுந்து நின்று சபைக்குக் கூறினார். ஒவ்வொரு ஊராட்சியிலும் இக்கேள்வி எழ வேண்டும். விடை கூறவும் ஒருவர் இருத்தல் வேண்டும்.